ஒரு வருஷம் ஆகாமல் டாக்டரிடம் போகக் கூடாதா?

கன்னங்குறிச்சிக்காரன் | 9 ஜூன் 2024, இரவு 9.20

கல்யாணமாகி பத்து மாதம். அவளுக்கு 26, எனக்கு 30. இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லை. அவளுக்கு மாதாமாதம் சரியாக வராது. 45 நாள் ஆகும், சில தடவை 60 நாள். பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்தே அப்படித்தானாம். "ஒரு வருஷம் முடியாமல் எந்த டாக்டரும் பார்க்க மாட்டார், முன்னாலேயே போவது வீண் செலவு" என்று கூட வேலை பார்க்கிறவர் சொல்கிறார். அடுத்த மாதம் ஆடி வேறு. பொங்கல் வரை பொறுத்துப் பார்க்கலாமா?

கொலுசுப் பட்டறை | 9 ஜூன் 2024, இரவு 11.05

பயப்பட ஒன்றுமில்லை தம்பி. நூறு ஜோடிகளில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் நின்றுவிடும். மீதியில் பாதிப் பேருக்கு இரண்டாவது வருஷத்தில் நிற்கும். பத்து மாதம் எல்லாம் ஒரு கணக்கே இல்லை. வருஷம் முடியட்டும்.

கொலுசுப் பட்டறை | 10 ஜூன் 2024, காலை 6.10

நேற்று ராத்திரி எழுதியதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன்.

காலையில் காபி குடிக்கும்போது என் மனைவி போனை வாங்கிப் படித்தாள். "45 நாள், 60 நாள்னு அந்தத் தம்பி எழுதியிருக்காரே, அதைப் படிக்காமலா பதில் போட்டீங்க?" என்றாள். படித்தேன், ஆனால் கவனிக்கவில்லை. பத்து மாதம் என்ற எண் மட்டும்தான் கண்ணில் பட்டது.

ஒரு வருஷம் என்ற கணக்கு யாருக்கு என்றால், பெண்ணுக்கு 35 வயதுக்குள் இருக்க வேண்டும், மாதவிடாய் ஒழுங்காக வர வேண்டும், இரண்டு பேருக்கும் பழைய வியாதி எதுவும் இருக்கக் கூடாது. அவர்களுக்குத்தான் அந்த வருஷம். 28, 30 நாளுக்கு ஒரு தடவை வருகிறவளுக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு வாய்ப்பு. 60 நாளுக்கு ஒரு தடவை என்றால் ஆறுதான். அந்த ஆறிலும் முட்டை வெடித்து வெளியே வந்ததா என்பது தெரியாது. ரத்தம் வந்துவிட்டது என்பதால் முட்டை வந்தது என்று அர்த்தமில்லை. உங்கள் பத்து மாதத்தில் உண்மையான வாய்ப்பு நாலோ ஐந்தோதான் இருந்திருக்கும். பொங்கல் வரை காத்திருந்தால் அதோடு இன்னும் மூன்று நாலு சேரும், அவ்வளவுதான். இப்போதே போங்கள். உங்களை எந்த டாக்டரும் திருப்பி அனுப்ப மாட்டார்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்தால் உதவும். பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம்தான் கெடு. 40 என்றால் கெடுவே வேண்டாம், ஆசைப்பட்ட அன்றைக்கே போய்ப் பார்க்கலாம். தீட்டு நாட்களில் எழுந்திருக்க முடியாத வலி வருகிறவர்கள், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள், எப்போதோ காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள் (நம் நாட்டில் கருக்குழாய் அடைத்துக்கொள்வதற்கு அது ஒரு முக்கியமான காரணம்), இவர்களும் காத்திருக்கக் கூடாது. ஆண்களில், சின்ன வயதில் விதை இறங்காமல் ஆபரேஷன் செய்துகொண்டவர், பெரியவனான பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விதையும் வீங்கியவர், புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர். இவர்களும் அப்படித்தான்.

போகும்போது நீங்களும் போங்கள் தம்பி. மனைவியை அனுப்பிவிட்டு வண்டியில் உட்கார்ந்திருக்காதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை ராத்திரி எழுதுகிறேன். பட்டறைக்கு நேரமாகிவிட்டது.

கொலுசுப் பட்டறை | 10 ஜூன் 2024, இரவு 10.40

எங்களுக்குக் கல்யாணம் 2012-இல். அவளுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம், எஸ்டேட்டில் வேலை பார்த்த குடும்பம். எனக்கு சேலம் சிவதாபுரம், கொலுசு பற்றவைக்கிற வேலை. முதல் வருஷம் போனது. இரண்டாவது வருஷம் அம்மா ஒரு டாக்டரைச் சொன்னார், போனோம். அன்றையிலிருந்து இரண்டரை வருஷம் சோதனை முழுக்க அவளுக்குத்தான்.

இரண்டாம் நாள் ரத்தம், இருபத்தோராம் நாள் ரத்தம். ஒன்பதாம் நாள், பதினோராம் நாள், பதிமூன்றாம் நாள் முட்டை வளர்கிறதா என்று ஸ்கேன். சீக்கிரம் எழுந்து வெறும் வயிற்றோடு ஐந்து ரோட்டில் பஸ் மாறிப் போவாள். கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்த அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து அவள் கையிலிருந்த பையை வாங்கினேன். நான் செய்தது அது ஒன்றுதான்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகவும் கேட்கவில்லை. இதில் டாக்டர் தப்பு கொஞ்சம், என் தப்பு நிறைய. எல்லா ரிப்போர்ட்டிலும் "நார்மல்" என்று வரும். பார்த்துவிட்டு, "அப்புறம் ஏன்தான் நிற்க மாட்டேன் என்கிறதோ" என்று நானும் எங்கள் வீட்டில் எல்லாரோடும் சேர்ந்து அவளைப் பார்ப்பேன். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

மூன்றாவதாக ஒரு வயதான டாக்டரம்மாவிடம் போனோம். கட்டு ரிப்போர்ட்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து, "உங்களோடது எங்கே?" என்றார். என்னோடது என்று ஒன்று இல்லையே. அதற்கு அப்புறமும் நாலு மாதம் இழுத்தடித்தேன். ஆர்டர் இருக்கிறது, காய்ச்சல், தீபாவளி வேலை, ஏதோ ஒரு சாக்கு. பயம்தான். ரிப்போர்ட்டில் ஏதாவது இருந்துவிட்டால் நான் என்ன ஆவேன் என்ற பயம். அவள் இரண்டரை வருஷமாக அதே பயத்தோடுதான் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

முடிவு வந்தது. விந்துச் சோதனையில், ஒரு மில்லியில் 60 லட்சம் விந்தணு. உலகச் சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கைநூலில் (2021) கீழ் எல்லை ஒரு கோடியே 60 லட்சம்.

கொலுசுப் பட்டறை | 11 ஜூன் 2024, காலை 7.00

அந்த எண்ணைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். அது பாஸ் மார்க் இல்லை. மனைவிக்கு ஒரு வருஷத்துக்குள் கரு நின்ற ஆண்களைச் சோதித்து எடுத்த கணக்கு அது. அவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேருக்கு அதைவிடக் குறைவாக இருந்தது. அதற்குக் கீழே இருந்தால் குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை, மேலே இருந்தால் உறுதி என்றும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்க்க மாட்டார்கள். அளவு, எத்தனை அணு நகர்கிறது, எத்தனை நேராக முன்னால் போகிறது, உருவம், எல்லாம் பார்ப்பார்கள். உருவத்தில் நூற்றுக்கு நாலு சரியாக இருந்தாலே போதும் என்று டாக்டரம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, எல்லா ஆண்களுக்கும் பெரும்பாலானவை கோணல்மாணல்தான்.

கொலுசுப் பட்டறை | 14 ஜூன் 2024, இரவு 9.50

தம்பி தனியாக எழுதிக் கேட்டிருந்தார், ஆணுக்கு எடுக்கிற அந்த விந்துச் சோதனையில் என்ன செய்வார்கள் என்று. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இங்கேயே சொல்கிறேன்.

இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் சேராமல் இருக்க வேண்டும். பத்து நாள் இருந்தால் நிறைய வரும் என்று நினைக்காதீர்கள், பழசாகித் தேங்கி நகர்ச்சி குறையும். ஒரு டப்பா கொடுப்பார்கள், தனி அறை இருக்கும். எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் படக் கூடாது. ஆணுறையில் எடுத்துக்கொண்டு போகக் கூடாது, அதில் அணுவைக் கொல்லும் மருந்து இருக்கலாம். கொஞ்சம் சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முதலில் வருவதில்தான் அணு அதிகம், அது போய்விட்டால் கணக்கே மாறிவிடும்.

ஏற்காட்டிலிருந்து ஒருவர், வீட்டிலேயே எடுத்துக் கீழே கொண்டு வரலாமா என்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவும் உடம்புச் சூட்டில், சட்டைக்குள் வைத்து. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அஸ்தம்பட்டி டிராபிக்கையும் தாண்டி, ஒரு மணி நேரம் நடக்காது. கீழே வந்து லேபிலேயே கொடுங்கள்.

ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஓர் அணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம். இன்றைய ரிப்போர்ட்டில் தெரிவது மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பு. நடுவில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் குறைத்துத்தான் காட்டும். இடைவெளி விட்டு இன்னொரு தடவை எடுப்பார்கள்.

கொலுசுப் பட்டறை | 15 ஜூன் 2024, மதியம் 1.30

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள் தம்பி, நான் கூட வருகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம். நிஜமாகத்தான் கேட்கிறேன். எனக்கு அன்றைக்கு அப்படி ஒருவர் வந்திருந்தால் அந்த நாலு மாதம் போயிருக்காது.

கொலுசுப் பட்டறை | 22 ஜூன் 2024, இரவு 10.15

பட்டறைச் சூடு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் பனங்காட்டில் நம் தொழிலே செய்கிறவர், இன்னொருவர் ஹோட்டலில் அடுப்படி.

விதை ஏன் உடம்புக்கு வெளியே தொங்குகிறது என்று டாக்டரம்மா கேட்டார். நாற்பது வயது நெருங்குகிறவன், எனக்குப் பதில் தெரியவில்லை. உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் அணு நன்றாக உருவாகுமாம். நான் பதினெட்டு வயதிலிருந்து சம்மணம் போட்டு, இறுக்கமான பேண்ட்டோடு, தொடைக்கு முன்னால் கேஸ் தீயை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தவன். அதோடு வாயில் எப்போதும் புகையிலை. தூக்கம் வராமல் இருக்க என்று ஆரம்பித்தது.

ஆனால் சூடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். என்னோடு உட்கார்ந்த ஏழு பேரில் ஆறு பேருக்கு இரண்டிரண்டு பிள்ளைகள். நிற்க வைத்துக் கையால் தொட்டுப் பார்த்து, விதைக்கு மேலே ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். நரம்புச் சுருட்டு கால்களில் வருமே, அதே மாதிரி. கையில் தட்டுப்படும் அளவு இருந்து, அணுவும் குறைவாக இருந்தால் ஆபரேஷன் செய்வதில் பலன் உண்டு. செய்தேன். புகையிலையை விட்டேன். பற்றவைக்கிற இடத்தை மேசை உயரத்துக்கு மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, மணிக்கு ஒரு தடவை எழுந்து நடந்தேன். ஆறு மாதம் கழித்து 60 லட்சம் ஒரு கோடியே 30 லட்சம் ஆனது. இதில் எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, ஜிம்முக்குப் போகிற பையன்களுக்கு. உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. ஆண்மை ஊசி என்று நினைக்கிறார்கள். அது வெளியிலிருந்து வரும்போது, நமக்கு வேலை இல்லை என்று உடம்பு அணு உற்பத்தியையே நிறுத்திவிடும். போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நிறுத்திய பிறகு திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும்.

கொலுசுப் பட்டறை | 30 ஜூன் 2024, காலை 9.00

இன்னொரு திருத்தம். ஓமலூர் தங்கச்சி ஒருவருக்கு "பதினாலாம் நாள்தான் முக்கியம்" என்று பதில் போட்டேன். அது 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கு மட்டும்.

முட்டை வருவது முன்னாலிருந்து எண்ணிப் பதினாலு இல்லை. அடுத்த தீட்டிலிருந்து பின்னால் எண்ணிப் பதினாலு. 35 நாள் சுற்று என்றால் 21-ஆம் நாள் வாக்கில் வரும். 45 நாள் என்றால் 31. அந்த இருபத்தோராம் நாள் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். முட்டை வந்து ஒரு வாரம் கழித்துப் பார்க்க வேண்டியது அது. 35 நாள் சுற்றுக்காரிக்கு இருபத்தோராம் நாளே எடுத்துவிட்டு "முட்டையே வரவில்லை" என்று பயமுறுத்திவிடக் கூடாது.

முட்டைக்கு ஆயுசு ஒரு நாள். அணு உள்ளே போய் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அதனால் முட்டை வருகிற நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் சேர்த்து ஆறு நாள்தான் ஒரு சுற்றின் வாய்ப்பு. முட்டை வரப்போவதைச் சிறுநீரில் காட்டுகிற பட்டைச் சோதனை மருந்துக் கடையில் கிடைக்கும், அது உதவும். ஆனால் நீர்க்கட்டிப் பிரச்சினை (பி.சி.ஓ.எஸ்.) உள்ளவர்களுக்கு அது வெறுமனே கோடு காட்டிக்கொண்டே இருக்கலாம்.

சரி, இதை எல்லாம் தெரிந்துகொண்டு நாங்கள் என்ன செய்தோம்? காலண்டரில் வட்டம் போட்டோம். வட்டம் போட்ட நாளில் சண்டை வந்தாலும், அசதியாக இருந்தாலும், கடமைக்கு. மற்ற நாளில் அவள் பக்கம் திரும்பிக்கூடப் படுக்கவில்லை. ஒரு நாள் அவள்தான் அந்தக் காலண்டரை எடுத்து அடுப்பில் போட்டாள். அப்புறம் டாக்டரம்மாவே சொன்னார், சுற்று முழுக்க இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை இருந்தாலே எந்த வாய்ப்பும் தவறாது, தேதியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்று. அது முன்னாலேயே தெரிந்திருந்தால் எங்களுக்குள் அந்த ஒரு வருஷம் கசந்திருக்காது.

கொலுசுப் பட்டறை | 18 ஜூலை 2024, இரவு 8.30

ஆடி பிறந்துவிட்டது. தம்பியின் மனைவியை முறைப்படி அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்களாம். "அண்ணா, நீங்கள் சொன்ன கணக்கில் ஒரு மாதம் போச்சே" என்று புலம்பியிருக்கிறார்.

ஆடியில் கரு நின்றால் சித்திரை வெயிலில் பிரசவம், அதனால் பிரித்து வைத்தார்கள். மின்விசிறியும் ஆஸ்பத்திரியும் இல்லாத காலத்தில் அது அக்கறைதான். இப்போது பத்து மாதமாக எதிர்பார்க்கிறவர்களுக்கு அது தேவையில்லை. சண்டை போடாதீர்கள். மாமனார் வீட்டுக்கு நீங்களும் போய்த் தங்குங்கள், மாப்பிள்ளை வந்தால் கறிச்சோறு போடாமல் யார் துரத்தப் போகிறார்கள்? அப்படியே மனைவி கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து மாதமாக ஒத்திப் போட்டது போதும்.

கொலுசுப் பட்டறை | 4 ஆகஸ்ட் 2024, இரவு 11.30

இன்றைக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் போக வேண்டியிருந்தது. ஒரு பெண் ஈரப் புடவையோடு நின்றிருந்தாள், கூட யாரோ வயதானவர். எதற்கு வேண்டிக்கொண்டாளோ தெரியாது. எனக்கு என் அம்மா நினைப்பு வந்துவிட்டது.

அம்மா என் மனைவியை மண்சோறு சாப்பிட வைத்தார். கோயில் தரையில் சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாயால் எடுத்து. நான் தடுக்கவில்லை. பின்னால் வருஷக்கணக்கில் அதை நினைத்து அம்மா மேல் கோபப்பட்டேன். இந்த இழையிலும் முதலில் அப்படித்தான் எழுத நினைத்தேன்.

இப்போது யோசித்தால், அம்மாவுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. நாகலூரில் மாமியார் மரத்தில் தொட்டில் கட்டினார். அதனால் எங்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. தொட்டிலைக் கட்டிவிட்டு, டாக்டரிடமும் போயிருக்கலாம். ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளிப்போட்டதுதான் கெடுதல்.

ஆனால் ஒரு வார்த்தையை மட்டும் மன்னிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள். இவளிடம் வந்து, "நீ அப்புறமா வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றார்கள். கைக்கு வளையல் போடுகிற நேரத்தில் இவள் இருக்கக் கூடாதாம். அந்த வீட்டுக்காரர்களுக்கு அப்போது என் ரிப்போர்ட் தெரியாது. வந்த பிறகு நானே போய்ச் சொன்னேன், வாசலில் நின்று, "குறை என்கிட்டதான் இருக்கு" என்று. அம்மா அழுதார். இந்தத் தெருவில் ஆம்பளை யாரும் இப்படிச் சொன்னதில்லை என்றார்.

கொலுசுப் பட்டறை | 5 ஆகஸ்ட் 2024, காலை 6.30

"குறை" என்று எழுதியதை என் மனைவி கண்டித்திருக்கிறாள். "என்கிட்ட இல்லை, உங்ககிட்டன்னு சொல்றதும் அதேதான். யார்கிட்டயும் வைக்காதீங்க" என்கிறாள். சரிதான். அவளுக்கும் பின்னால் தைராய்டு கொஞ்சம் ஏறியிருந்தது தெரிந்தது. நிறைய ஜோடிகளுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். சிலருக்கு எல்லாம் சோதித்தும் காரணமே தெரியாது.

கொலுசுப் பட்டறை | 1 செப்டம்பர் 2024, மாலை 5.20

தம்பி போய் வந்துவிட்டார்! இரண்டு பேருமே. அவர் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. மனைவிக்கு நீர்க்கட்டி என்று சொல்லியிருக்கிறார்கள், பயந்துபோய் எழுதியிருக்கிறார்.

பெயர்தான் அப்படி. அது கட்டியே இல்லை. ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிய சமாசாரமும் இல்லை. முட்டை வளர ஆரம்பித்து, பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன பைகள்தான் ஸ்கேனில் மணி கோத்தது போலத் தெரியும். மாதவிடாய் தள்ளிப்போவது, ஆண் ஹார்மோன் அதிகமாக இருப்பது, ஸ்கேனில் இப்படித் தெரிவது, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் அந்தப் பெயர் வைக்கிறார்கள். ஸ்கேனில் மட்டும் தெரிந்தால் போதாது. குழந்தை வேண்டும் என்கிறவர்களுக்கு இதற்கு நல்ல வைத்தியம் உண்டு. எடை அதிகமாக இருந்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சிலருக்கு முட்டை தானாக வர ஆரம்பிக்கும். 80 கிலோ இருப்பவர் 76 ஆனால் போதும். வராதவர்களுக்கு முதல் மருந்து லெட்ரோசோல்.

அந்த மாத்திரையை வாங்கும்போது கவனம். என் மனைவியின் தங்கைக்கு எழுதிக்கொடுத்தார்கள். மருந்துக் கடைப் பையன் "இது கேன்சர் மாத்திரை ஆச்சே அக்கா, யாருக்கு?" என்று கேட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து அட்டைக்குள் இருந்த தாளைப் பிரித்தால் மார்பகப் புற்றுநோய் என்றுதான் போட்டிருக்கிறது. ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள். முதலில் அதற்காக வந்த மருந்துதான், ஐந்து நாள் மட்டும் கொடுத்தால் முட்டையை வளர்க்க உதவுகிறது. டாக்டர் எழுதும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதே சமயம், போன மாதச் சீட்டைக் காட்டி நீங்களாக வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். முட்டை வளர்ந்ததா என்று பார்த்துத்தான் அடுத்த அளவு சொல்வார்கள்.

ஃபோலிக் அமிலம் இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள், தினம் 400 மைக்ரோகிராம். குழந்தையின் முதுகுத்தண்டு, நாள் தள்ளிப் போனது தெரிவதற்குள்ளேயே உருவாக ஆரம்பித்துவிடும், அதனால்தான் முன்கூட்டியே. ரூபெல்லா தடுப்பூசி போடாதவர் என்றால் போட்டுவிட்டு ஒரு மாதம் கரு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தத்தில், தாய்மாமனைக் கட்டினவர்கள் நம் பக்கம் நிறைய. சொந்தத்தில் கட்டினதால் கரு நிற்காது என்று பயப்பட வேண்டாம். ஆனால் குடும்பத்தில் பிறவிக் கோளாறோடு குழந்தை பிறந்திருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கொலுசுப் பட்டறை | 16 செப்டம்பர் 2024, இரவு 9.10

செலவு. எத்தனை பேர் கேட்டுவிட்டீர்கள்.

முதல் கட்டச் சோதனைகளுக்கு நம் ஊர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மகப்பேறு பிரிவிலேயே ஆரம்பிக்கலாம். கூட்டம் இருக்கும், காலையில் சீக்கிரம் போங்கள்.

எங்களை ஓர் இடத்தில் முதல் நாளே, என் ரிப்போர்ட்டைக்கூடப் பார்க்காமல், சோதனைக் குழாய்க் குழந்தை முறைக்கு (ஐ.வி.எஃப்.) முன்பணம் கட்டச் சொன்னார்கள். மனைவியின் தாலிக்கொடி போக மீதி நகை எல்லாம் அடகுக்குப் போக இருந்தது. கோபத்தில் பல நாள் எல்லாரிடமும் அது ஏமாற்று வேலை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது தப்பு. இரண்டு கருக்குழாயும் அடைத்திருந்தால் அதுதான் வழி. அணு மிக மிகக் குறைவாக இருந்தால் ஒற்றை அணுவை முட்டைக்குள் செலுத்துகிற முறைதான் வழி. வயது ஏறிக்கொண்டிருந்தால் அதைத் தள்ளிப்போடுவதும் நஷ்டம். உங்களுக்கு ஏன் அது தேவை என்று காரணம் சொல்லச் சொல்லுங்கள். சொல்கிற டாக்டரிடம் செய்துகொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. 2021 சட்டப்படி இந்தச் சிகிச்சை தருகிற இடங்கள் எல்லாம் பதிவு செய்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 21-இலிருந்து 50, ஆணுக்கு 21-இலிருந்து 55 என்று வயது வரம்பும் உண்டு. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நூற்றுக்கு நூறு வெற்றி என்று விளம்பரம் வைத்த இடத்துக்குப் போகாதீர்கள்.

கொலுசுப் பட்டறை | 6 அக்டோபர் 2024, இரவு 10.00

"உங்களுக்குக் கடைசியில் என்ன ஆனது?" என்று எல்லாரும் கேட்கிறீர்கள். சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

கர்ப்பப்பைக்குள் அணுவைச் செலுத்துகிற முறையில் இரண்டு தடவை நிற்கவில்லை. மூன்றாவது, 2016-இல், முழுகாமல் இருந்தாள். எட்டாவது வாரம் கலைந்துவிட்டது. அதற்கு நாலு நாள் முன்னால்தான் நாகலூருக்குப் போய் வந்தாள், அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இருபது வளைவு பஸ்ஸில் ஏறி இறங்கினதுதான் காரணம் என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். அவளும் நம்பினாள். டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார், இவ்வளவு சீக்கிரம் கலைகிறவற்றில் பாதிக்கு மேல் கருவிலேயே குரோமோசோம் கணக்கு தப்பிப்போனவை, பஸ்ஸாலோ வளைவாலோ இல்லை என்று. மலை மேலே பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் அந்த ரோட்டில்தானே வந்து போகிறார்கள்? அவள் அதற்கப்புறம் இரண்டு வருஷம் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அப்பா போனதற்குத்தான் போனாள்.

மகள் 2018-இல் பிறந்தாள். இப்போது ஒன்றாம் வகுப்பு. இதை எழுத ஏன் தயங்கினேன் என்றால், படிக்கிறவர்களில் பிறக்காதவர்களும் இருப்பீர்கள். எங்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொண்டலாம்பட்டி ஜோடிக்கு எல்லாம் செய்தும் கிடைக்கவில்லை. எங்களைவிட அவர்கள் ஒழுங்காக, சீக்கிரமாக, சேர்ந்தே போனவர்கள். இன்றைக்கும் என் மகளுக்குப் பிறந்தநாள் என்றால் முதலில் வந்து நிற்கிறவர்கள் அவர்கள்தான்.

கன்னங்குறிச்சிக்காரன் | 9 நவம்பர் 2024, இரவு 8.45

அண்ணா, இரண்டு மாதம் மாத்திரை எடுத்தாள். முதல் மாதம் முட்டை வளரவில்லை, அளவு கூட்டினார்கள். இரண்டாவது மாதம் வளர்ந்து வெடித்தது, ஆனால் நிற்கவில்லை. நேற்று தலைக்குக் குளித்துவிட்டு வந்து பேசவே இல்லை. பன்னிரண்டாம் நாள் மறுபடி ஸ்கேன்.

கொலுசுப் பட்டறை | 9 நவம்பர் 2024, இரவு 9.30

முட்டை வெடித்தது பெரிய விஷயம் தம்பி. அவளுக்குப் பல வருஷத்தில் முதல் தடவையாகக்கூட இருக்கலாம். எல்லாம் சரியாக இருக்கிற ஜோடிக்கே ஒரு மாதத்தில் நிற்கிற வாய்ப்பு நாலில் ஒன்றுதான். இந்த மாத்திரையில் சாதாரணமாக ஆறு சுற்று வரை பார்ப்பார்கள். நீங்கள் இப்போதுதான் முதல் சுற்றை முழுசாக முடித்திருக்கிறீர்கள். இதை இன்றைக்கே அவளிடம் சொல்ல வேண்டாம், நாளைக்குச் சொல்லுங்கள். இன்றைக்குப் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

பன்னிரண்டாம் நாள் லீவு போடுங்கள். ஸ்கேன் அறைக்குள் கணவனை விடுவார்களா என்று வரவேற்பில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விட்டால் பெஞ்சில் உட்காராமல் அவளோடு உள்ளே போங்கள்.